புதிய விமானச் சட்டமும் காலி நாற்காலிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் உயிரிழந்த பிறகு, விமானிகளைப் பற்றியும் போயிங் நிறுவனத்தைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. ஒரு விமானம் பறக்கத் தகுதியோடு இருக்கிறதா, ஓட்டுகிறவர் போதுமான அளவு தூங்கி எழுந்தவரா, போன மாதம் கண்ட குறை இந்த மாதம் சரியாகிவிட்டதா என்று மக்கள் சார்பில் பார்க்க வேண்டியவர் அரசு ஆய்வாளர். அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஆய்வாளர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கை இதைக் கணக்கோடு சொல்கிறது. டிஜிசிஏ என்று எல்லோரும் அழைக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு ஒப்புதலான பணியிடங்கள் 1,063. நிரம்பியிருந்தவை 553. ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் 2023-லேயே ஆர்டர் கொடுத்துவிட்டன. விமானங்கள் வந்து இறங்க இறங்க, அவற்றைப் பார்க்க வேண்டிய ஆட்களின் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

சட்டம் பழசு என்று இனி யாரும் காரணம் சொல்ல முடியாது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வரவேற்க வேண்டியவை உண்டு. விமான வடிவமைப்பு சட்டத்தின் வரம்புக்குள் வந்திருக்கிறது. விமானிகளுக்கான ரேடியோ உரிமம் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து விமானத் துறைக்கே மாறிவிட்டது. இதற்காக இளம் விமானிகள் இரண்டு துறைகளின் வாசலில் நின்ற காலம் முடிந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் தணிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் 2018-இல் 69.95 விழுக்காடாக இருந்து 2022-இல் 85.65 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் விதிகள் எழுதும் டிஜிசிஏ, பாதுகாப்புச் சோதனைகளை மேற்பார்க்கும் பிசிஏஎஸ், விபத்தை விசாரிக்கும் ஏஏஐபி ஆகிய மூன்றும் முன்பு போலவே ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் நீடிக்கின்றன. அவை போடும் உத்தரவை மறுபரிசீலிக்கும் அதிகாரமும் மத்திய அரசிடம்தான்.

ஓர் ஆய்வாளரின் வேலை என்ன என்பது வாசகர்களுக்குத் தெரிந்தால், காலி இடம் என்றால் என்ன இழப்பு என்பதும் விளங்கும். விமானம் இரண்டு பயணங்களுக்கு இடையே நிற்கும் 30, 40 நிமிடத்தில் அவர் முன்னறிவிப்பில்லாமல் ஏறுவார். முதலில் கேட்பது டெக்னிக்கல் லாக் புத்தகம். விமானி எழுதிய பழுதுகளும், பொறியாளர் அவற்றுக்கு எடுத்த நடவடிக்கையும், கையெழுத்தும் அதில் வரிசையாக இருக்கும். சில பழுதுகளோடும் விமானம் பறக்கலாம். எவை என்பதை எம்இஎல் என்ற பட்டியல் சொல்லும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பழுதுக்கும் கெடு உண்டு: பி வகை 3 நாள், சி வகை 10 நாள், டி வகை 120 நாள், ஏ வகைக்கு அந்தந்த உருப்படியிலேயே கெடு எழுதப்பட்டிருக்கும். கெடு முடிகிற நாளில் பழுதைச் சரிசெய்யாமல் பழுதின் பெயரை மாற்றிப் புதிதாக எழுதி, நாள் கணக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த தில்லுமுல்லு. அதைப் பிடிக்க ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதாது. இரண்டு மூன்று வாரப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். பிறகு டயரின் தேய்மானம், அவசரச் சறுக்குப் பாதையை ஊதும் கேஸ் பாட்டிலின் அழுத்தம், உயிர்காப்புச் சட்டைகளின் காலாவதித் தேதி, விமானிகளின் உரிமம், புதிதாகப் பொருத்திய பாகத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பதெல்லாம். ஆள் குறைவாக இருக்கும்போது இந்தச் சோதனை ‘புத்தகம் இருக்கிறதா, இருக்கிறது’ என்று ‘டிக்’ அடிப்பதோடு முடிந்துவிடுகிறது. பின்னோக்கிப் புரட்ட யாருக்கும் நேரமில்லை.

சிறிய உருப்படி என்று எதையும் விட முடியாது என்பதற்குத் திருச்சியே சாட்சி. 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை முடிவில் இருந்த ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதிக்கொண்டே மேலெழுந்தது. 136 பேர் உள்ளே இருந்தார்கள். அடிவயிறு கிழிந்த நிலையில் மணிக்கணக்காகப் பறந்து மும்பையில் இறங்கியது. விசாரணையில் வெளிவந்தது, தலைமை விமானியின் இருக்கைச் சாய்வு ஓட்டத்தின் நடுவே பின்னால் சரிந்ததும், அப்போது அவர் கை பட்டு இன்ஜின் விசை குறைந்ததும், இருவருமே அதைக் கவனிக்காததும். இருக்கையின் சாய்வுப் பூட்டு விமானத்தைப் பறக்க வைக்கும் பாகம் இல்லை. ஆனால் அது பிடி விட்டதில் 136 உயிர்கள் சுவரை உரசிப் போயின.

இடங்கள் ஏன் நிரம்பவில்லை? தேர்வு, மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் வழக்கமான பாதையில் நடக்கிறது. அறிவிப்பிலிருந்து பணியில் சேரும் வரை ஆண்டுக்கணக்கில் ஆகிறது. சம்பளம் அரசு அளவுகோலில். விமானிகளைச் சோதிக்க வேண்டிய ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் இன்ஸ்பெக்டர் அனுபவமுள்ள கேப்டனாக இருக்க வேண்டும். அவருக்கு விமான நிறுவனம் தருவது அரசு தருவதைப் போலப் பல மடங்கு. எனவே ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள், அல்லது பிற இடங்களிலிருந்து தற்காலிகமாக அனுப்பப்படுகிறவர்களை வைத்து ஓட்டுகிறார்கள். இந்த முறைகள் போதாது என்று நிலைக்குழுவும் சொல்லிவிட்டது. இதன் விலையை நாடு ஒருமுறை கொடுத்தும் இருக்கிறது. 2014 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, பாதுகாப்பு மேற்பார்வையில் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதாததும் அதற்கு முக்கியக் காரணம். 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பக் கிடைக்கும் வரை நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை எதையும் தொடங்க முடியவில்லை. அப்போது அவசரம் அவசரமாக ஆள் எடுத்தார்கள். தரம் திரும்பியதும் அவசரம் போய்விட்டது.

ஆட்களை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. பதிவேடுகள் காகிதத்திலிருந்து கணினிக்கு எப்போதோ போய்விட்டன. ஆய்வாளரோ இன்னும் அச்செடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு கட்டாயமாக்கிய இன்ஜின் பாகங்களைக் குறித்த காலத்தில் மாற்றவில்லை, மாற்றியது போலப் பதிவேடுகள் திருத்தப்பட்டன என்று 2025 மார்ச்சில் டிஜிசிஏ ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைக் கண்டித்தது. பதிவேடுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது தேதி தவறிப்போனது என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, தவறை ஏற்றுக்கொண்டது. மென்பொருள் மாறும் காலம்தான் பராமரிப்பில் மிக ஆபத்தான காலம். பழைய கெடுத் தேதிகளும், பாகம் எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற எண்ணிக்கையும் பிசகில்லாமல் புதியதில் ஏறியதா என்று ஒவ்வொரு வரிசை எண்ணாக ஒப்பிட வேண்டும். இதற்கு வழி இருக்கிறது. நிறுவனங்களின் பராமரிப்பு மென்பொருளைப் படிக்க மட்டும் டிஜிசிஏவுக்கு நேரடி அனுமதி வேண்டும். கட்டாய உத்தரவு, அது பொருந்தும் பாகத்தின் வரிசை எண், கெடு, மாற்றிய தேதி, மாற்றியவரின் உரிம எண் ஆகியவற்றைக் கணினியே ஒப்பிட்டு, பிசகியவற்றை மட்டும் ஆய்வாளர் முன் வைக்கட்டும். பதிவை யார், எப்போது திருத்தினார் என்ற தடமும் அழியாமல் இருக்கட்டும். டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளம் இப்போது உரிமம், அனுமதி விண்ணப்பங்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது. அதே தளத்தை மேற்பார்வைக்கும் விரிக்கலாம்.

அறிவுரையாக வரும் குறிப்புகளின் கதை வேறு. அகமதாபாத் விபத்தின் முதல்கட்ட அறிக்கையில் ஒரு பத்தி இருக்கிறது. எரிபொருளைத் திறந்து மூடும் சுவிட்சின் பூட்டு அமைப்பைச் சோதிக்கும்படி 2018-இல் எஃப்ஏஏ ஒரு குறிப்பு அனுப்பியது. அது கட்டாய உத்தரவு இல்லை, அறிவுரை மட்டுமே என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று நிறுவனம் தெரிவித்ததாக அறிக்கை பதிவு செய்கிறது. விபத்துக்கு இதுதான் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை, நாமும் சொல்லக் கூடாது. ஆனால் 2025 ஜூலை 14 அன்று டிஜிசிஏ, இந்த வகை சுவிட்சுகளை ஜூலை 21-க்குள் சோதித்து முடிக்கும்படி உத்தரவிட்டது. ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய சோதனை ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்யப்படாமலே இருந்தது. அறிவுரை எல்லாவற்றையும் கட்டாயமாக்க முடியாது. ஆண்டுக்கு எத்தனையோ வருகின்றன. ஏற்கிறோம், ஏற்கவில்லை, காரணம் இது என்று மூன்று வரியில் எழுதி, பொறுப்பான அதிகாரி 60 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு விதி போடலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

விமானிகளின் ஓய்வு விவகாரத்துக்கு வருவோம். டிஜிசிஏ 2024 ஜனவரியில் நல்ல விதிகளை அறிவித்தது. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 மணி ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்றிருந்தது, 6 வரை நீண்டது. இரவுப் பணியில் 6 வரை இருந்த தரையிறக்கங்கள் 2 ஆயின. விடியலுக்கு முந்தைய 2 மணியிலிருந்து 6 மணி வரை மனித உடல் விழித்திருந்தாலும் மூளை பாதி தூங்கும். ஒவ்வொரு தரையிறக்கமும் அந்த நேரத்தில் கூடுதல் சுமை. விதிகளின் பின்னாலிருக்கும் அறிவியல் இதுதான். நடைமுறைக்கு வர வேண்டிய 2024 ஜூன் தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்களின் வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்து, கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக வந்தது. அடுத்த மாதமே இண்டிகோவின் சேவைகள் சரிந்தன. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சென்னை விமான நிலையத் தரையில் பயணிகள் பெட்டிகளோடு படுத்துக் கிடந்தார்கள். உடனே இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு விலக்கு தரப்பட்டது. விடுப்பை வார ஓய்வாகக் கணக்கிடக் கூடாது என்ற பிரிவும் திரும்பப் பெறப்பட்டது.

ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் இது நடந்ததற்கு, நிறுவனத்தின் திட்டமிடல் ஒரு காரணம். மேற்பார்வையில் இருந்த ஓட்டை இன்னொன்று. அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை தொடங்குகிறது. அதற்கு ஒப்புதல் தருவது டிஜிசிஏ. நவம்பர் 1 முதல் புதிய ஓய்வு விதி என்பதும் டிஜிசிஏவின் உத்தரவுதான். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து, ‘இத்தனை சேவைக்கு, இந்த விதிப்படி, இத்தனை கேப்டன், இத்தனை துணை விமானி வேண்டும், உங்களிடம் எத்தனை பேர்?’ என்று கேட்டிருந்தால் செப்டம்பரிலேயே விடை தெரிந்திருக்கும். அந்தக் கணக்கு சிக்கலானதில்லை. எந்த விமானிக்கு எப்போது பணி என்று பட்டியலிடும் நிறுவனத்தின் ரோஸ்டர் மென்பொருளில் புதிய வரம்புகளை இட்டு நவம்பர் மாத அட்டவணையை ஓட்டிப் பார்த்தால், நிரப்ப முடியாத சேவைகள் தாமாக வெளியே வந்து விழும். அட்டவணைக்கு ஒப்புதல் கேட்கும்போதே இந்த ஓட்டத்தின் முடிவையும் இணைக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். விலக்கு தருவதானால், களைப்பால் கூடும் ஆபத்தை எதைக் கொண்டு ஈடுசெய்கிறோம் என்ற மதிப்பீட்டோடு, அதை எழுதியவர் பெயரோடு, இணையத்தில் வெளியிட வேண்டும். நெருக்கடிக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் சேவைகளில் 10 விழுக்காட்டைக் குறைத்தார்கள். அதை மேற்பார்த்த நான்கு ஆய்வாளர்களின் ஒப்பந்தத்தை முடித்தார்கள். பாதி இடம் காலியாக உள்ள அலுவலகத்தில் இன்னும் நான்கு இடம் காலியானது. கணக்குக் கேட்கும் முறை மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

களைப்பைப் பற்றிய உண்மை ரோஸ்டரில் முழுமையாகத் தெரியாது. விமானி வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். இங்கே பெரிய தடை பயம். விமானத்தின் பறப்புத் தரவுப் பதிவிலிருந்து வேக மீறல், கடினமான தரையிறக்கம் போன்றவற்றைப் பிரித்தெடுக்கும் வேலை, பாடம் கற்பதற்காக ஏற்பட்டது. அதே தரவை வைத்து விமானியைத் தண்டித்தால் அடுத்தவர் எதையும் சொல்ல மாட்டார். அமெரிக்காவில் தாமாக முன்வந்து தரும் தகவல்களை வாங்க எஃப்ஏஏவுக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது. 1976 முதல் நாசா வாங்குகிறது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத மூன்றாவது கையில் போவதால்தான் விமானி முதல் பராமரிப்புப் பணியாளர் வரை எழுதுகிறார்கள். நம்மிடம் தண்டிப்பவரும் வாங்குபவரும் ஒருவரே. இதை ஒரு பல்கலைக்கழகத்திடமோ ஆய்வு நிறுவனத்திடமோ ஒப்படைக்கலாம். வேண்டுமென்றே செய்த மீறலும் பதிவேட்டுத் திருத்தமும் இந்தப் பாதுகாப்புக்குள் வரக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

விபத்து விசாரணைக்கு வந்தால், மங்களூரையும் கோழிக்கோட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவருக்கு நெஞ்சு கனக்கும். 2010 மே 22, மங்களூர்: துபாயிலிருந்து வந்த போயிங் 737-800, மேட்டின்மேல் அமைந்த 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித் தரை தொட்டது. கேப்டன் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார். ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மேலெழுவோம் என்று துணை விமானி சொன்னார், கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு: அதே நிறுவனம், அதே ரகம், துபாயிலிருந்தே, மேட்டு ஓடுபாதையே, கொட்டும் மழை, பின்காற்று. 8,858 அடியில் 4,438 அடி தாண்டித் தரை தொட்டது. இங்கும் துணை விமானியின் ‘கோ அரவுண்ட்’ பலிக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள். மழையில் கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக ஓடவில்லை என்பதும் அறிக்கையில் உண்டு.

இரண்டிலும் விமானம் நிலைப்படாமல் இறங்கியது. மேகமானால் 1,000 அடி உயரத்துக்குள், தெளிவான வானமானால் 500 அடிக்குள் வேகம், இறங்கும் வீதம், சக்கரம், இறக்கைமடல் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் யோசிக்காமல் மேலெழ வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. எத்தனை இறக்கங்கள் நிலைப்படாமல் போயின, அவற்றில் எத்தனை மேலெழாமல் தரையிறங்கின என்பதைப் பறப்புத் தரவிலிருந்து எண்ணிவிடலாம். நிறுவனவாரியாக, விமான நிலையவாரியாக இந்த ஓர் எண்ணை டிஜிசிஏ மாதந்தோறும் பார்த்தால், அடுத்த மேட்டு ஓடுபாதை விபத்து எங்கே உருவாகிறது என்பது முன்கூட்டியே தெரியும். விமானியின் பெயர் அதற்குத் தேவையே இல்லை.

பரிந்துரை கட்டாயமானால் பயன் உண்டு என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 1996 நவம்பர் 12 அன்று சர்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். டெல்லிக்கு வருவதும் போவதும் அப்போது ஒரே பாதையில். அதன்பின் பாதைகள் பிரிந்தன, மோதலை எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. மங்களூர் விசாரணையின் பாடங்கள் கோழிக்கோடு வரை போய்ச் சேராததற்குக் காரணம், அவற்றின் கதியைப் பொதுவில் கேட்க யாருக்கும் பொறுப்பில்லாததே. ஏஏஐபி 2012-இல் அமைந்தது. ஆனால் டிஜிசிஏ எங்கே தவறியது என்று அது எழுத வேண்டிய அறிக்கை, இருவருக்கும் மேலே உள்ள அதே அமைச்சகத்துக்குத்தான் போகிறது. அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் வாரியமான என்டிஎஸ்பி 1974 சட்டத்தின்படி போக்குவரத்துத் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் பரிந்துரைக்குத் துறை 90 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விபத்து விசாரணைக்கான ஐசிஏஓவின் 13-ஆம் இணைப்பும் 90 நாள் என்றே சொல்கிறது. நாமும் அதில் கையெழுத்திட்ட நாடு.

கேதார்நாத் போன்ற மலைப்பகுதி ஹெலிகாப்டர் சேவைகளுக்குத் தனிக் கடிதமே வேண்டும். 2025 ஜூன் 15 அன்று அங்கே 7 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். புறப்படும் தளத்திலிருந்தே கணவாயைப் பார்க்கும் கேமராவும் வானிலைக் கருவியும் இல்லாமல் அனுமதி தரவே கூடாது.

டிஜிசிஏவைத் தன்னாட்சி ஆணையமாக்கும் மசோதா 2013-இல் மக்களவைக்கு வந்து, அந்த அவை முடிந்ததும் காலாவதியானது. பிரிட்டனில் இத்தகைய ஆணையம், தான் மேற்பார்க்கும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது. சம்பளத்தையும் ஆள் எடுப்பதையும் தானே முடிவு செய்கிறது. பணம் நிறுவனங்களிடமிருந்து வந்தால் ஆணையம் அவற்றுக்கு வளையாதா என்ற கேள்வி நியாயமானது. கட்டண விகிதத்தைச் சட்டத்திலேயே எழுதி, கணக்கை நாடாளுமன்றத்தின் முன் வைத்தால் அந்த அச்சம் குறையும். இன்றைய அபராத உச்சவரம்பான 1 கோடி ரூபாய், நாளொன்றுக்கு 2,000-க்கும் மேற்பட்ட சேவைகளை இயக்கும் நிறுவனத்துக்கு உறைக்காது. நிறுவனத்தின் ஆண்டு வருவாயில் இத்தனை விழுக்காடு என்று மாற்ற வேண்டும்.

தமிழகத்திலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தொடரில் அவர்கள் எழுத்துமூலம் கேட்கத் தகுந்தவை இவை: டிஜிசிஏவில் விமானத் தகுதி, விமானி சோதனை, விமான நிலையம் எனப் பிரிவுவாரியாக இன்று எத்தனை இடம் காலி, ஒவ்வொன்றும் எத்தனை மாதமாகக் காலி? 2010 முதல் வந்த விபத்து அறிக்கைகளின் பரிந்துரைகளில் எவை ஏற்கப்பட்டன, எவை நிறைவேறின, எவை எந்த மேஜையில் இருக்கின்றன? ஓய்வு விதிகளிலிருந்து 2025 டிசம்பரில் தந்த விலக்குக்கு அடிப்படையான பாதுகாப்பு மதிப்பீட்டை அவையில் வைப்பார்களா? திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி, சேலம் விமான நிலையங்களில் கடந்த 12 மாதங்களில் இரவு நேரத் திடீர்ச் சோதனை எத்தனை முறை நடந்தது?

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பும் பறப்புப் பாதுகாப்பும் அறிந்த வாசகர்கள் சிலர்,
சென்னை.